விரிசல் எண் பதினேழு

நகராட்சி இல்லை,
வரி வசூல் இல்லை, கேபிள்காரரும் இல்லை என்று
மூன்று முறை சொன்ன பிறகுதான்
கதவுச் சங்கிலி இறங்கும்.

நாள்கூலி எழுநூறு.
கையில் படிவம், பையில் பசை,
விரல் நீளத்துக்கு வெட்டிய கண்ணாடித் துண்டுகள்.
பெரிய வாய்க்காலுக்கு மேற்கே
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் என் பொறுப்பு.

கிழக்கே எழுதுகிறவர்களுக்கு வேலை சுலபம்.
அங்கே சுவர்கள் படம் எடுத்துப் பழகியவை.
கல்யாண ஜோடி வந்து நின்றால்
காகிதப்பூவை எந்தப் பக்கம் சாய்ப்பதென்று
அவற்றுக்கே தெரியும்.
மேற்கே சுவர் என்றால் சுவர்.
துணிக்கொடி, கேஸ் சிலிண்டர்,
ஒரு தேர்தல் சின்னத்தின் மேல்
இன்னொரு தேர்தல் சின்னம்.

விரிசலின் குறுக்கே கண்ணாடியை ஒட்டித்
தேதி எழுத வேண்டும். அவ்வளவுதான்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
பொய் சொல்லத் தெரியாத சாட்சி என்று
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்,
சமோசாவுக்கு முன்.

பெலிசித்தா வீட்டில்
மாடிப்படி திரும்பும் இடத்தில் பதினேழாவது.
கீழே தேக்குத் தூண், மேலே வளைவு சன்னல்.
இரண்டு கடலும் ஒரே சுண்ணாம்பில் குழைந்த வீடு.
சம்பா கோயில் மணி அடித்தால்
சன்னல் கொக்கி லேசாக அதிர்கிறது.

"இதுக்கு என்ன மார்க் போடுவீங்க?"
தையல் மெஷினில் பள்ளிச் சீருடை ஓடிக்கொண்டிருந்தது.
"முதல் தரம் வரலாம்" என்றேன்,
பரிசு கொடுப்பவள் போல.
மெஷின் நின்றது.
"முதல் தரம்னா இடிக்க முடியாது இல்ல?"

பதினொரு பங்கு.
ஆறு பேர் துலூஸில்,
ஒருத்தர் ரெயூனியனில்,
ஒருத்தரைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றாள்.
மழைக்கு ஒழுகுவது மட்டும்
பங்கு பிரியாமல் முழுசாக அவளுக்கு.

ஐப்பசியில் பிடித்த மழை.
துறைமுகத்தில் ஐந்தாம் எண் கூண்டு.
வாய்க்கால் தன் இரண்டு கரையையும்
ஒரு ராத்திரிக்கு மறந்தது.
அதே வீதியில் இரண்டு மாடிகள் சரிந்தன,
நல்லவேளை, காலி வீடுகள் என்றது செய்தி.
நல்லவேளைக்கு என்ன தரம் போடுவது?

கார்த்திகைக் கடைசியில் டார்ச்சுடன் போனேன்.

வீடு உடைத்த கண்ணாடியை எனக்குத் தெரியும்.
விரிசல் போன வழியே போகும்,
ஒற்றைக் கோடு, தலைமுடி மாதிரி.
பதினேழில் இருந்தது நட்சத்திரம்.
நடுவில் ஒரு புள்ளி,
சுற்றிலும் கதிர்.
மேசைமேல் பெரிய கத்தரிக்கோல்,
அதன் இரும்புப் பிடி.
"மழை பலமா இருந்துச்சு" என்றாள்
காஜாத் துளையைப் பார்த்துக்கொண்டே.
"ஆமா" என்றேன். பலமாகத்தான் இருந்தது.

சில்லுகளைச் சுரண்டிவிட்டு அளந்தேன்.
ஒரு மில்லி மூன்று.
ஆடியிலும் ஒரு மில்லி மூன்று.
அத்தனை தண்ணீருக்கும்
அந்தச் சுவர் இம்மி அசையவில்லை.
அவளுக்கு விரோதமாக நின்றது,
அவள் தலைமேல் கூரையைத் தாங்கிக்கொண்டு.

படிவத்தில், கண்ணாடி உடைந்ததா? ஆம், இல்லை.
யாரால் என்று கட்டம் இல்லை.
லாஸ்பேட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்ககம்
எதை இடித்துக் கட்டியது என்று
என்னிடம் யாரும் படிவத்தோடு வந்ததில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
மீண்டும் ஒட்டப்பட்டது.

புதுத் துண்டு எடுத்தேன், பசை தடவினேன்.
கரண்ட் போனது.
டார்ச்சை அவள்தான் வாங்கிப் பிடித்தாள்.
கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தவள்,
தையல்காரக் கண்ணல்லவா,
"கோணலா இருக்கு" என்றாள்.
"நேரா ஒட்டுங்க."