வலத்தோள், இடக்கண்

முதலில் உரிமத்தை மேசையில் வைத்தாள் நோட்பூர்கா கூஸ்,
பிறகு மருத்துவர் கடிதத்தை,
கடைசியாக முகத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி
அதையும்.

வலக்கண் இல்லை.
ஜனவரியில் லார்ச் கிளையொன்று பனிப்பாரம் தாங்காமல்
முறிந்து விசிறியதாம்.
"இடத்தோளுக்கு மாறிக்கொள்ளலாமே" என்றேன்.
எல்லோரும் அதைத்தான் சொன்னார்களாம்.
இடத்தோளும் அதே கிளைக்கடியில்தான் இருந்தது,
அதற்குள் இப்போது நான்கு திருகாணிகள்.

ஃபெர்லாக்கில் முப்பத்தோரு வருடமாகத் துப்பாக்கி செய்கிறேன்.
உரிமம் சுவரில் தொங்குகிறது, சட்டத்தில் தூசி.
வலத்தோளில் ஊன்றி
இடக்கண்ணால் குறிபார்க்கிற ஒன்றை
அதுவரை யாரும் கேட்டதில்லை.

கீல் வைத்த அளவுத் துப்பாக்கியை அவள் தோளில் சாத்தித்
திருகத் திருக,
கட்டை அவள் தாடைக்கடியில் நுழைந்து
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.
"ஓடை பாறையைச் சுற்றிக்கொண்டு போகிறது" என்றாள்.
"பாறை நான்."

ஆவியில் மரத்தை வளைக்கலாம்.
ஆனால் வளைத்த மரம் ஈரம் கண்டால்
பழைய நேர்மைக்குத் திரும்பப் பார்க்கும்.
தானாகவே கோணிய வால்நட் தேடி
நான்கு மர அறுவைக் கூடங்கள் அலைந்தேன்.
நேராக வளர்ந்ததற்குத்தான் விலை; கோணல் அடுப்புக்கு.
பிளைபுர்க்கில், விறகுக் குவியலில் கிடந்தது:
வேலிக்கம்பியைச் சுற்றிக்கொண்டு வளர்ந்த மரம்,
ஐந்திலேயே வளைந்துவிட்டது.
விறகு விலைக்கே கொடுத்தார்கள்.
பேரம் பேசியிருக்கலாம், பேசவில்லை.

மே, ஜூன், ஜூலை.
உளி, அரம், எண்ணெய், மறுபடி அரம்.

பக்கத்தகட்டில் செதுக்குவதற்குச் செவெரின்
பாயும் கலைமான் ஒன்றை வரைந்து தந்தான்.
கொம்பு பதினான்கு கிளை, கீழே ஃபெர்ன் இலைகள்.
அவள் தாளை நெடுநேரம் பார்த்தாள்.
"இது ஓடுகிறது" என்றாள்.
"என்னிடம் வருபவை ஓடுவதில்லை."

இரவு இரண்டு மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்.
சாலையோரம் விளக்கு சிமிட்டியபடி ஒரு கார்,
கையைப் பிசைந்துகொண்டு ஓட்டியவர்.
பள்ளத்தில் ஒரு மான்
எழ நினைக்கும், முன்னங்கால் மட்டும் கேட்கும்.
வனக்காவலர் வேலையில் அதுவும் அடக்கம்.
"கண் போனபின் ஒருமுறை போனேன்.
முதல் குண்டு போதவில்லை."
அதைச் சொன்னபோது மட்டும்
இருந்த கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

தகடு வெறுமையாக நின்றது.
வெறுமைக்கு மெருகு போட்டதாகச் சொல்லிச்
செவெரின் பாதிக் கூலி வாங்கிக்கொண்டான்.

சோதனைச் சாலையில் முத்திரை அடிக்கிறவர்
தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"கைதவறிப் போன வேலையா?"
பேரேட்டில் எழுதினேன்.
வகை: தனித் தயாரிப்பு. எண்ணிக்கை: ஒன்று.

அன்று மாலை நானே தோளில் சாத்திப் பார்த்தேன்.
தெரிந்தது சுவர், சுவரில் தீயணைப்பான்.
துப்பாக்கி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.
நான் செய்து என்னால் குறிபார்க்க முடியாத முதல் துப்பாக்கி.
திருடன் கொண்டுபோனாலும் சுவர்தான் அவனுக்கு.

அக்டோபரில் வந்தாள்.
ஐந்து குண்டு. ஐந்தையும் ஒரு நாணயத்தால் மூடலாம்.
"மூன்றாவது கொஞ்சம் இடம் தள்ளி" என்றாள்.
பணத்தை எண்ணி வைத்தாள்,
புதிய தோட்டாப் பெட்டி ஒன்று வாங்கினாள்,
துப்பாக்கிப் பேழையைப் பூட்டி
இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

மார்ச்சில் எண்ணெய் போடக் கொண்டுவந்தாள்.
தாடை உரசும் இடத்தில் மரம் கறுத்திருந்தது.
வெறுந்தகட்டில் துரு,
ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து.
விட்டுவிடட்டுமா என்று ஒரு கணம் தோன்றியது.
துரு துருதான். துடைத்தேன்.

தோட்டாப் பெட்டியைத் திறந்து காட்டினாள்.
இருபதில் ஒன்பது மீதி.
"எத்தனை இரவு?" என்றேன்.
"பதினொன்று."

பதினெட்டு யூரோ என்று பில் எழுதினேன்.