கடைசி இலக்கம்

காட்பாடி யார்டில் இரவுப் பணி.
நாற்பத்திரண்டு மூடுவேகன்,
ஒவ்வொன்றின் விலாவிலும் பதினோரு இலக்கம்.
டார்ச் அடித்து எழுதிக்கொண்டே நடப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

முதல் இரண்டு, வேகனின் சாதி.
அடுத்த இரண்டு, எந்த ரயில்வே.
அப்புறம் பிறந்த வருஷம்.
மனுஷருக்குக் கேட்கும் அதே கேள்விகள்தான்.

சித்திரை. நள்ளிரவிலும் ஜல்லி சுட்டது.
ராணிப்பேட்டைப் பக்கமிருந்து
தோல் வாடையைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று.
பத்தொன்பதாவது வேகனில்
31060941953.

என்ன தோன்றியதோ, இலக்கங்களைக் கூட்டினேன்.
நாற்பத்தொன்று. மூன்றால் வகுபடாது.
மும்மூன்றாய் வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால்
ஏழும் பதினொன்றும் பதிமூன்றும்
ஒரே வீச்சில் தெரிந்துவிடும்.
அதிலும் வந்தது நாற்பத்தொன்று.
சரி, உன்னாலேயே வகுக்கிறேன் என்று
நாற்பத்தொன்றால் வகுத்தேன்.
மூன்று மிச்சம்.

அன்றிலிருந்து பழைய ரெஜிஸ்டரின் பின்பக்கத்தில்
ஷிஃப்டுக்கு ஒரு பகா எண்.
இருபத்துமூன்று, இரண்டை விட்டுவிட்டுப் போனது.
நூற்று முப்பத்தேழு, ஐந்தை.
யாராவது ஒருவர் மிச்சமில்லாமல் வகுத்துவிட்டால்
பகு எண் என்று எழுதி மூடிவிடுவேன்.
ஒருவரும் வகுக்கவில்லை.

நூற்று எழுபத்துமூன்று பன்னிரண்டை விட்ட வாரம்
அந்த வேகன் திரும்பி வந்தது,
பட்டறைக்குப் போய், புதுப் பெயிண்டில்.
எல்லாம் அதேதான்,
கடைசியில் மட்டும் எட்டு.

அன்று துரு அதன் இடது பாதியைத் தின்றிருக்கிறது.
நான் மூன்று என்று எழுதியிருக்கிறேன்.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரன்.
இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கு,
ஒற்றை இடங்களைச் சேர். எண்பத்திரண்டு.
தொண்ணூறுக்கு எட்டு குறைகிறது, அதனால் எட்டு.
கம்ப்யூட்டர் அன்றே என் மூன்றை ஏற்கவில்லையாம்.
ஆபீஸில் யாரோ திருத்திவிட்டார்கள்.
என்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

எட்டில் முடிந்தால் இரட்டைப்படை.
இரண்டு, முதல் தட்டிலேயே பிளந்துவிடும்.
எட்டு மாதம் நான் யாரை வகுத்துக்கொண்டிருந்தேன்?

"தப்பு நம்பர்னா கிழிச்சுப் போட்டுடுங்க மேடம்"
என்றார் பாயிண்ட்ஸ்மேன் நயீம், பீடியை அணைத்தபடி.

மூன்றில் முடியும் அந்த எண்
எந்தத் தண்டவாளத்திலும் ஓடாது.
விதிப்படி எந்த வேகனுக்கும் அதைச் சூட்ட முடியாது.
அரிசி ஏற்றவில்லை, சிமெண்ட் ஏற்றவில்லை,
ஜோலார்பேட்டையைத் தாண்டியதில்லை.
என் கண் தவறியதால் பிறந்தது.
பகா எண்தானா என்று தெரிய
ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் வரை போகவேண்டும்,
சுமார் பதினாறாயிரம் பகா எண்கள்.
ராத்திரிக்கு ஒன்று என்றால் நாற்பத்துநாலு வருஷம்.
ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஒன்பது.

நேற்று நூற்று எழுபத்தொன்பது.
அறுபத்தெட்டு மிச்சம்.