பின்பாரம்

முதலில் இருந்தது ஐந்நூறு வாட்.
பள்ளத்தில் ஓடும், ஏற்றத்தில் கெஞ்சும்.
காபன் பிரஷ் தேயும் வாடை
என் தலைமயிரில் ஒட்டிக்கொண்டு
மறுநாள் வேலைக்கும் வரும்.

வங்கிகளில் யூபிஎஸ் பற்றறி மாற்றுவது என் வேலை.
கழித்த நான்கைக் கேட்டு வாங்கி
வண்டியின் பின்னால் கட்டியிருந்தோம்.
முப்பத்துநாலு கிலோ ஈயம்.
மானேஜர் கையெழுத்துப் போட்ட துண்டு
இன்னும் பேர்ஸுக்குள் கிடக்கிறது.

சில்லுகள் மரக்கறித் தள்ளுவண்டியுடையவை.
காற்றில்லாத ரப்பர்.
வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும்
முள்ளந்தண்டுக்கு அறிவிக்கும்.

"மோட்டரை மட்டும் மாத்துவம்" என்றான் இம்தாத்.
மட்டும் என்றுதான் சொன்னான்.

பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை.
மூவாயிரம் வாட், பிரஷ் இல்லை.
எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்டால்
கடைக்காரர் தேத்தண்ணிக்குச் சொல்கிறார்.
விலையை வாயால் சொல்வதில்லை,
கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்.
கடைசிப் பூச்சியத்தை விரலால் மறைத்து
நான் திருப்பிக் காட்டினேன்.
அவர் சிரித்தார். விலை சிரிக்கவில்லை.

புது மோட்டர் கேட்டதை
ஈயத்தால் கொடுக்க முடியவில்லை.
அழுத்தியதும் மீற்றர் முள் படுத்துவிட்டது,
விருந்தாளிக்குச் சோறு போதாத வீடு மாதிரி.
ஆகவே லித்தியம்:
தெமட்டகொடையில் லொறியோடு மோதிய
ஸ்கூட்டர் ஒன்றின் வயிற்றிலிருந்து.
பன்னிரண்டு கிலோதான்.
ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன்,
திரும்பவும் தூக்கிப் பார்த்தேன்.
ஆசனத்துக்குக் கீழே அடங்கிவிட்டது.

பிறகு சில்லு. அச்சுக்கும் அதற்கும்
மூன்று மில்லிமீற்றர் கோபம்.
மெசெஞ்சர் வீதியில் புஷ் கடைந்து தந்தவர்
"பிள்ளை ஓடவா?" என்று கேட்டார்.
இம்தாதுக்கு நாற்பத்தொன்று,
எனக்கு முப்பத்தெட்டு.
"ஓம், பிள்ளைக்குத்தான்."

மட்டக்குளியில் காசில்லாமல் நின்றுபோன கட்டிடம்.
மூன்றாம் மாடி, கார் தரிப்பிடம்,
ஒரு காரும் தரிக்கவில்லை.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் வெளிச்சம்
தூண்களுக்கிடையில் வந்து கிடக்கிறது.
காவல்காரர் பியதிலக்கவுக்கு
ஒரு பக்கெட் பிஸ்கட்.

மஞ்சள், பச்சை, நீலம்:
மூன்று தடித்த வயர்.
இரண்டை மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.
அழுத்தினேன்.
வண்டி பின்னுக்குப் பாய்ந்து
கட்டியாய் இறுகிய சீமெந்து மூட்டையில் உட்கார்ந்தது.
"பஸ்ஸட்ட யன்ட, பஸ்ஸட்ட!"
பஸ் கொண்டக்டரின் குரலில் பியதிலக்க கத்த,
இம்தாத் நிலத்திலிருந்து சிரித்தான்,
எழும்பவேயில்லை.

நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றினேன்.

இப்போது முன்னுக்கு.
சத்தமே இல்லை.
மெல்லிய ஒரு சீழ்க்கை மட்டும்,
அதுவும் என் பற்களுக்கிடையில் வந்ததா தெரியாது.
தூண், தூண், தூண்.
மூன்றாவதில் திரும்பினேன்.
முன்பாதி திரும்பியது.
பின்பாதி நேரே கடலைப் பார்த்துப் போனது.

சுவருக்கு ஒரு முழம் இருக்க நின்றோம்,
வண்டியும் நானும், வேறுவேறு திசை பார்த்து.

இம்தாத் குந்தியிருந்து கணக்குப் போட்டான்.
"இருவத்திரண்டு கிலோ கொறஞ்சிரிக்கி, மச்சி.
பின்சில்லு நெலத்தப் பிடிக்குதில்ல."

பழைய ஈயம் நான்கும்
என் மோட்டார்சைக்கிள் பெட்டியில் இருந்தன,
நாளைக்குப் பழைய இரும்புக்குப் போக.
ஒன்றை இறக்கிப் பின்னால் வைத்துக்
கயிற்றால் கட்டினேன்.
வயர் கொடுக்கவில்லை.
ஏறாது, இறங்காது,
வோல்ட் கேட்டால் பூச்சியம் சொல்லும்.
போதவில்லை. இன்னொன்று.

மூன்றாவது தூணில்
பின்சில்லு ஒருமுறை முனகி,
வந்தது.

"இப்ப என்ட முறை" என்றான் இம்தாத்.
கேட்காத மாதிரி இன்னொரு சுற்று.
பிரேக் மட்டும் பழையதுதான்,
சைக்கிள் பிரேக்.
அதைப் பற்றி இன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை.