நிரப்பிய சதுரம்

"உங்கள் அம்மாவுக்குத் தம்பி உண்டா?"
மெய்லிங்கின் பென்சில் நிற்கிறது.

இருந்தார். குவீன்ஸ்டவுன் வீட்டில் ஏழு மாதம்.
கண்ணேறு என்றார்கள்.

சதுரம் வரைந்து கருப்பாக நிரப்புகிறார்.
அங்கிருந்து கோடு அம்மாவுக்கு, எனக்கு,
கண்ணாடிக்கு அப்பால் தூங்கும் நிரஞ்சனுக்கு.

எலும்புக்குள் சேதி போய்க்கொண்டுதான் இருக்கிறதாம்:
வளர், பிரி, காவல் பழகு.
அவன் அணுக்களில் வாங்கிக்கொள்ளக் கை இல்லை.
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
வாய் வைக்காமல் செய்துவிட்ட தபால்பெட்டி.
அந்தக் கையை எழுதும் வரி என்னிடம் இரண்டு;
பிழையானதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

"மாமா பெயர்?"
கே.கே. மருத்துவமனை வராந்தாவிலிருந்து அழைக்கிறேன்.
அம்மா குக்கரை அணைப்பது கேட்கிறது.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, "தீனதயாளன்."

மெய்லிங்குக்கு அது புதுச் சத்தம்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறேன்,
தப்பில்லாமல்.