எந்தப் பக்கம் மேலே

நாளைக் காலை ஏழுக்கு
முப்பத்துநாலு டஜன் சமோசா போகவேண்டும்.
பத்து மணிக்கு மின்வெட்டு.
இப்போது எட்டே முக்கால்.
லேப்டாப்பில் லேபிள் தயார்.
திரையில் பிரிண்டர் மட்டும் சாம்பல் பூத்து
செத்த பல்லி மாதிரி கிடக்கிறது.

பிரிண்டர் மாடியில். தம்பி சாக்ரனுடையது.
கீழ்வீடு எனக்கு, மேல்வீடு அவனுக்கு,
படித் திருப்பத்தில் ஆணியில் தொங்கும் ரவுட்டர்
இருவருக்கும்.
அதன் பில்லை யார் கட்டுவது என்று தொடங்கித்தான்
மார்ச்சில் அப்பா வீட்டின் நீள அகலம் வரை போனோம்.
பிறகு பேச்சில்லை.
அவன் கார் சத்தம் கேட்டால்
எண்ணெய்ச் சட்டியில் எனக்கு அவசர வேலை வந்துவிடும்.

தெரிந்த வைத்தியம் எல்லாம் ஆயிற்று.
அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்.
ரவுட்டரின் பச்சை விளக்குகள்
மெரிபேங்க் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி விளக்குகள் மாதிரி
எல்லாம் நலம் எல்லாம் நலம் என்று
பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

கறுப்புத் திரையைத் திறந்து
அவன் எண்ணுக்குப் பிங் அனுப்பினேன்.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நாலாவதற்குக் காத்திருக்கவில்லை.
துடைப்பக் கட்டையால் மேல்தளத்தை நாலு முறை இடித்தேன்.
உடனே மேலிருந்து நாலு இடி.
இழப்பு, பூஜ்யம்.

இடித்தது அவன் மகள் கிவாஷ்னி.
"அப்பா ஷிப்ட் முடிஞ்சு இன்னும் வரல. வாங்க அத்தை."
லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
ஏழு மாதம் கழித்து
பதினோரு படி ஏறினேன்.

அவன் கம்ப்யூட்டரில் விஷயம் சின்னதுதான்.
வீட்டு நெட்வொர்க்கை அது "பொது" என்று குறித்திருந்தது.
அதாவது இது பஸ் நிலையம்,
முன்பின் தெரியாதவர் நடமாடும் இடம்,
யார் கண்ணிலும் படாதே, யார் தட்டினாலும் திறக்காதே.
அவனே மாற்றினானா,
நடுராத்திரி அப்டேட் ஏதாவது மாற்றியதா,
கம்ப்யூட்டர் சொல்லாது.
நான் கேட்கப் போவதில்லை.

"தனி" என்பதை அழுத்தினேன்.
பகிர்வை இயக்கினேன்.
சாம்பல் பல்லிக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் வரிசை ஞாபகம் வந்தது.
முன்னால் வந்தது முன்னால்.
மார்ச் பதினேழு, இரவு ஒன்றரை,
வக்கீலுக்கு நான் அடித்த மூன்று பக்கம்.
கோபத்திலும் விரல்
பழகிய பிரிண்டருக்கே அனுப்பியிருந்தது.
அன்று அச்சாகவில்லை. விடிந்தபோது அதுவே நிம்மதி.
மறுபடி அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.

ரத்து. ரத்து. ரத்து.
"நீக்கப்படுகிறது" என்கிறது, நீக்கவில்லை.
உருளை சுழல்கிறது.
படியில் பூட்ஸ் சத்தம்.

சாக்ரன் தொப்பியைக் கழற்றாமலே தாள்களை எடுத்தான்.
நின்றபடி படித்தான்.
வீட்டைச் சதுர மீட்டரில் நான் பிரித்திருந்த இடத்தில்
கொஞ்சம் தங்கினான்.
பிரிண்டர் ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டியது.
"தாள் தீர்ந்துபோச்சு. அது மூணும்தான் கடைசி,"
என்றாள் கிவாஷ்னி.
கடை அடைத்தாயிற்று. மணி ஒன்பதே முக்கால்.

மூன்றையும் மேசையில் தட்டி
ஓரம் சேர்த்தான்.
"எந்தப் பக்கம் மேலே?"
"எழுதின பக்கம் உன்னைப் பார்க்கட்டும்."
வைத்தான்.

மின்சாரம் போனபின் சார்ஜ் விளக்கில் வெட்டினேன்.
சமோசாவின் வாயை ஒட்டும் மாவுப்பசையாலேயே
பெட்டிகளில் ஒட்டினேன்.
கீமா, ஒரு டஜன். பின்னால்: "எனக்குச் சேரவேண்டிய".
உருளைக்கிழங்கு, ஒரு டஜன். பின்னால்: "மேற்படி சகோதரர்".
சோளம் சீஸ், பின்னால் வெறும் காற்புள்ளி.
போர்ட் ஷெப்ஸ்டோன் போகிற பெட்டி ஒன்றில்
என் முழுப்பெயர்,
மாவில் ஊறி, தலைகீழாக.