பெண் கேட்கும் படம்

ஆக்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில்
அச்சுப்படங்களுக்கு ஒதுக்கிய வடக்கு அறை.
எட்டாம் இழுப்பறை, பன்னிரண்டாம் தாள்.
"யோஹான் லேன்ஹார்ட் ட்ராபே. செம்புச் செதுக்கல், 1768.
பெண் கேட்டல்."

ஒருவன் முழங்காலிட்டிருக்கிறான்.
அவள் நாற்காலியில், கை மடியில்.
தகப்பன் ஜன்னலோரம் ஒரு காகிதத்தைக்
கண்ணுக்கு வெகு அருகில் பிடித்து வாசிக்கிறார்;
பெரிதாக்கிப் பார்த்தால் அதில் எழுத்தே இல்லை,
நெளிகோடுகள். சீதனக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.
விழுந்த கையுறையை நாய் கவ்வியிருக்கிறது.
அவ்வளவுதான். இதற்கு நூறு வருடச் சண்டை.

1911-இல் ரேலிங்கர் அட்டையில் எழுதினார்:
"நாணம். இனிய சம்மதம்."
அவருக்கு அந்த வருடம்தான் கல்யாணம் என்கிறது பணிப்பதிவேடு.
பிறகு வந்த ஷாயர்லே அம்மையார்
அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு
"மறுப்பு. நாயைப் பார்க்க" என்றார்.
முப்பது நாளாக நாயைப் பார்க்கிறேன்.
அது கையுறையைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

வாள் வலது இடுப்பில் தொங்குகிறது.
இடக்கைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது;
தகட்டில் நேராக வெட்டியது
தாளில் புரண்டு விழும்.
ட்ராபே மறந்தானா, சோம்பலா, தெரியாது.
ஆக, அவன் நெஞ்சில் வைத்த கை
இதயம் இல்லாத பக்கத்தில் இருக்கிறது.
இதற்கு நான் பொருள் சொல்லப்போவதில்லை.
சொல்ல ஆசைதான்.

போன செவ்வாய்
ஆன்ட்வெர்ப்பிலிருந்து இரவலாக ஒரு தாள் வந்தது.
அதே தகடு, முந்திய அச்சு;
அடியில் பெயர்கூட வெட்டாத நிலை.
அதே நாய். தகப்பன் அதே வரியில்.
பூதக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நகர்த்தினேன்.

வாய் திறந்திருந்தது.

கீழ்ப்பல் இரண்டு தெரிகிற அளவுக்கு.
பேசுகிற வாய்.
முழங்காலிட்டவனிடமில்லை, தகப்பனிடமுமில்லை,
தாளுக்கு வெளியே, நான் உட்கார்ந்திருக்கும் பக்கம்.

செம்பில் ஒரு வாயை மூடுவது லேசல்ல.
சுரண்ட வேண்டும், தேய்க்க வேண்டும்,
குழிந்த இடம் மேலெழத்
தகட்டைக் கவிழ்த்து முதுகில் சுத்தியால் தட்ட வேண்டும்,
பிறகு உதட்டைப் புதிதாக வெட்ட வேண்டும்.
அரை நாள் வேலை. கூலி கொடுத்தது யார்?
பதிப்பாளனா, வாங்க வந்தவர்களா,
ட்ராபேவுக்கே அந்தச் சொல் பொறுக்கவில்லையா?
எங்கள் தாளில், மூடிய உதட்டோரம்
துடைத்தும் போகாத ஒரு சாம்பல் நிழல்.
அதைத்தான் ரேலிங்கர்
நாணம் என்று படித்திருக்கிறார்.

மௌனம் சம்மதம் என்பார்கள்.
இந்த மௌனத்தைப் பின்பக்கமிருந்து
தட்டித் தட்டிச் செய்திருக்கிறார்கள்.

இர்மேலா தன் உப்பு ரொட்டியை வெளியே வைத்துவிட்டு வந்து
குனிந்து பார்த்தாள்.
"தும்மியிருப்பாள்" என்றாள்.
இருக்கலாம்.
பெண் கேட்க வந்த வேளையில் தும்மல்;
அதையும்தான் அழித்திருப்பார்கள்.

அட்டையில், இருவருக்கும் கீழே,
இரண்டு வரிக்கு இடம் இருந்தது.
"வாய்: பின்னர் மூடப்பட்டது" என்று எழுதினேன்.
தலைப்பை மாற்றவில்லை.
பெண் கேட்டல்.
அவள்தான் எதையோ கேட்டாள் என்றும்
அதைப் படிக்கலாம்.

ஆன்ட்வெர்ப் தாள் வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும்.
இரவலைத் தனிப்பெட்டியில் பூட்டுவது விதி.
இன்று இரவு மட்டும்
இரண்டையும் ஒன்றாக வைத்தேன்,
முகத்துக்கு முகம்,
நடுவே ஒரு மெல்லிய தாள்.