ஆறாவது டிராக்

முதல் ஆல்பத்தில் வரிகள் இருந்தன.
மூன்று காதல், ஒரு கோபம்,
வைகையைப் பற்றி ஒன்று. அதில் தண்ணீர் வேறு ஓடியது.
நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டோம்
நானும் ஹெப்சிபாவும்.

செல்லூரில் மாடி அறை, தகரக் கூரை.
மரப்பெட்டிக்குள் மூன்று ஆசிலேட்டர்,
நாற்பத்தொரு குமிழ். மெமரி கிடையாது.
நேற்று வந்த சத்தம் இன்று வராது.
கரண்ட் அட்டையின் பின்பக்கம் அவள் குறித்து வைப்பாள்:
கட்-ஆஃப் மூணே கால் மணி,
ரெசனன்ஸ் ஏழு தாண்டி ஒரு மயிரிழை.
மறுநாள் அப்படியே திருப்பி வைத்தால்
தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி ஏதோ வரும்.
மூக்கு மட்டும் அதே.

சித்திரையில் சுருதி நிற்காது.
பதினொரு மணிக்கு ஸாவாக இருந்தது
இரண்டு மணிக்குள்
பெரியாரில் ஏறி, சிம்மக்கல் தாண்டி
எங்கோ இறங்கிப் போயிருக்கும்.
அதனால் ரெக்கார்டிங் விடிகாலை மூன்றிலிருந்து.

வீட்டுக்காரர் குருவலிங்கம் படியேறி வந்து
பதினாலு நிமிடம் நின்று கேட்டார்.
பொறுமையான மனிதர்.
"மியூசிக் நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"
"முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள் ஹெப்சிபா.

ஆறாவது டிராக்:
அடியில் ஒரே சுரம், எட்டு நிமிடம்.
மேலே அவள் ஃபில்டரைத் திறந்துகொண்டே போகிறாள்,
தூங்குகிறவன் தலைமாட்டில் ஷட்டர் தூக்குவதுபோல
விரல் விரலாக.
ஏழாம் நிமிடம் சுரம் சரிந்தது.
யாரும் குமிழைத் தொடவில்லை.
கொஞ்சம் இறங்கி, ஒருமுறை நடுங்கி
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.
நிறுத்தப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

பவர் சப்ளை நாங்களே கட்டியது.
டிரான்ஸ்பார்மர் விற்ற கடைக்காரனை
ஒரு வாரம் திட்டினேன்.

அறுபது கேசட் போட்டோம். பதினெட்டு விற்றது.
ஒன்றைத் தறிப்பட்டறை ஜபருல்லாவுக்குச் சும்மா கொடுத்தோம்.
அவரிடம்தான் டேப் இருந்தது.
சாப்பாட்டு நேரத்தில், தறி நின்றபின் கேட்பாராம்.

நான்கு நாள் கழித்து வந்தார்.
இமையெல்லாம் பஞ்சு.
"அந்த ஆறாவது, கடைசிப் பக்கம் ஒரு எறக்கம் வருதே,
அது காலைல ஆறு மணிதானே?
நான் மெயினப் போடுற நேரம்.
எங்க ட்யூப்லைட்டும் அப்படித்தான் மங்கும்."

பதினாறு தறி.
தெருவின் மொத்தக் கரண்டையும்
ஒரே மூச்சில் இழுத்திருக்கிறது.
நான் மன்னிப்புக் கேட்பதா நன்றி சொல்வதா என்று நிற்க
ஹெப்சிபா அட்டையைத் திருப்பிப் பேனா தேடினாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"அடுத்த தடவ சொல்லிட்டுப் பண்ணுங்க.
ஒவ்வொண்ணாப் போடுறேன்.
இன்னும் மெதுவா எறங்கும்."